பத்திரம் யார் பேரில்?

விமான அருங்காட்சியகம் ஒன்றை இழுத்து மூடினால் உள்ளே நிற்கும் பழைய விமானங்கள் என்ன ஆகும்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது, பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பதை.

அமெரிக்காவில் ஊரூராக நிற்கும் போர் விமானங்களில் பல, ஒஹாயோவின் டேட்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகம் இரவல் கொடுத்தவை. இடம் மூடினால் அவற்றின் கதியை டேட்டன்தான் முடிவு செய்யும். சிக்கலெல்லாம் தனி ஆள் சேர்த்துவைத்ததில்தான்.

பில் கேட்ஸோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய பால் ஆலன் அப்படிச் சேர்த்தவர். சியாட்டிலுக்கு வடக்கே, எவரெட் நகரின் பெயின் ஃபீல்டு விமான நிலையத்தில் இருந்த அருங்காட்சியகத்தில் அவருடைய விமானங்கள் நின்றன. 1943-இல் லெனின்கிராடு அருகே காட்டில் இறங்கி, 1989-இல் கண்டெடுக்கப்பட்ட ஜெர்மானிய ஃபோக்கே வுல்ஃப் 190 ஒன்றும் அங்கே இருந்தது. அதைச் சீராக்கி 2010-இல் பறக்கவே விட்டார்கள். பணம் இருந்தால் இப்படியும் செலவழிக்கலாம்!

2018-இல் ஆலன் இறந்தார். 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், கதவை மூடினார்கள். மே மாதம், எப்போது திறப்போம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பூட்டிவைத்தால் பத்திரம்தானே என்று தோன்றும். பழைய எஞ்சினுக்கு அது பொருந்தாது. ஃபோக்கே வுல்ஃபின் எஞ்சினில் பதினான்கு சிலிண்டர்கள், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வட்டமாக அடுக்கியிருக்கும். சும்மா நின்றால் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அதைக் கவனிக்காமல் கிளப்பினால் உள்ளே பிஸ்டனைத் தள்ளும் தண்டு வளைந்துவிடும். அதனால்தான் முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். மேற்பக்கம் எண்ணெய்ப் பூச்சு வடிந்த இடத்தில் துரு ஏறும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இதற்கெல்லாம் மேல், கைப்பழக்கமுள்ள மெக்கானிக்குகள் வேறு வேலை தேடிப் போய்விட்டால் அவர்களைத் திரும்பக் கூட்டுவது கஷ்டம்.

2022-இல் வால்மார்ட் நிறுவனரின் பேரன் ஸ்டூவர்ட் வால்டன் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு ஆலனின் சேகரிப்பை வாங்கியது. 2023 மே மாதம் அதே இடத்திலேயே மறுபடி திறந்தார்கள். இது அதிர்ஷ்டம்தான். ஒவ்வொன்றாக ஏலத்தில் போயிருந்தால் திசைக்கொன்றாய்ப் பிரிந்திருக்கும்.

அரிசோனாவின் மேசா நகரில் இருந்த சாம்ப்ளின் அருங்காட்சியகத்துக்கு நேர்ந்தது வேறு. 2003-இல் அது மூடியபோது, விமானங்கள் சியாட்டிலின் மியூசியம் ஆஃப் ஃபிளைட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது அவை கட்டடத்துக்குள் நிற்கின்றன, சில தொங்குகின்றன. விபத்து பயமில்லை; எஞ்சின் சத்தமும் இல்லை.

பறக்கவிடுவதா, நிறுத்திவைப்பதா என்பது வாங்குகிறவர் இஷ்டம். உலகத்தில் ஒன்றிரண்டே மிஞ்சியவை நிற்கட்டும் என்பேன். ஸ்பிட்ஃபயர் போல இன்னும் பல மிஞ்சியிருப்பவை பறக்கட்டுமே.