ஆறு மாசம்னா எத்தனை நாள்?

ராசிங்காபுரத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இந்தக் காட்டுல அடுத்த எடுப்பு எப்ப?" எந்த மாதம், எந்தத் தேதி என்று சொல்ல மாட்டார்கள். "போன எடுப்பு முடிஞ்சு முப்பது நாள்கூட ஆகல, இன்னும் பத்து நாள் கிடக்கட்டும்" என்பார்கள். ஏலச்செடியின் சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் ஒரே சமயத்தில் இருக்கும். பூத்தது முற்ற ஏறத்தாழ மூன்று நான்கு மாதம் ஆகும். ஒரே மூச்சில் அறுவடை செய்ய முடியாது. 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து, பருவம் வந்ததை மட்டும் எடுக்க வேண்டும். காலண்டர் அந்தக் காட்டில் செல்லாது. கணக்கு எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான்.

அந்த ஜீப்பில் இருபது வருடம் போய்வந்த அக்கா ஒருவர், மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனார். விசாவில் பத்து வருடம் போட்டிருந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை கூடவே இருக்கலாம் என்று நினைத்துவிட்டார். ஐந்தாவது மாதத்தில் போன் வந்தது. "ஏன் தம்பி, பத்து வருசம்னு குடுத்துட்டு ஆறு மாசத்துல கெளம்பணும்னா, இது என்ன கணக்கு?"

கேள்வி நியாயமானது. வெளிநாட்டில் பிள்ளைகளோடு சில மாதம் சேர்ந்தாற்போல் தங்கப் போகிற எல்லாப் பெற்றோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்பதுதான். பதிலைத் தேடிப் போனால், நாளை எண்ணுவதில் நாட்டுக்கு நாடு எத்தனை விசித்திரம் இருக்கிறது என்பது தெரியவரும்.

விசா என்ற லத்தீன் சொல்லுக்குப் 'பார்க்கப்பட்டது' என்று பொருள். உங்கள் தாளைப் பார்த்தோம், வாசல்வரை வரலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. பத்து வருட விசா என்றால், பத்து வருடத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம். கதவைத் திறப்பவர் வேறு ஆள். விமான நிலையத்தில் இறங்கியதும் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவு செய்கிறார். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம். விதிப்படி முதல் நுழைவிலேயே ஒரு வருடம்வரை தரலாம், ஆனால் அது அபூர்வம். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறிவிடுகிறது. விசாவின் தேதியும் ஐ-94 தேதியும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. பத்து வருட விசாவோடு போனவர் ஐ-94 தேதியைத் தாண்டி ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும், கையிலிருக்கும் விசா செல்லாததாகிவிடும். தாண்டியது 180 நாளைக் கடந்தால் மூன்று வருடமும், ஒரு வருடத்தை எட்டினால் பத்து வருடமும் உள்ளே வரத் தடை. 1996-ல் வந்த சட்டம் இது.

சரி, ஆறு மாதம் என்றால் எத்தனை நாள்? மார்ச் 1-ல் இறங்கி ஆகஸ்ட் 31 வரை இருப்பவருக்கு 184 நாள். செப்டம்பர் 1-ல் இறங்கி பிப்ரவரி 28 வரை இருப்பவருக்கு 181 நாள்தான். சனி, ஞாயிறு பார்த்து, விலை பார்த்து டிக்கெட் போடுகிற மகன்கள் இந்த மூன்று நாளைக் கவனிப்பதில்லை. 180 நாள் என்று எண்ணிப் போட்டால் நாலு நாள் வீணாகலாம். ஆறு மாதம்தானே என்று மனக்கணக்கில் போட்டால் ஒரு நாள் தாண்டிவிடலாம்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் மாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நாளுக்கு மாறின. முன்பு அங்கேயும் மாதக் கணக்குதான். முதல் நுழைவிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம் தங்கலாம் என்றது விதி. அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் முதல் நாள் மட்டும் தலையைக் காட்டிவிட்டு வெளியே போய்விடுவார். அந்த ஆறு மாதத்தின் கடைசி மூன்று மாதம் வந்து தங்குவார். அடுத்த ஆறு மாதத்தின் முதல் மூன்று மாதத்தை அதோடு ஒட்டிக்கொள்வார். ஆக, ஏறக்குறைய ஆறு மாதம் தொடர்ந்து இருக்கலாம், அதுவும் சட்டப்படி! முதல் நுழைவு என்ற இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2006-ல் உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. 2013 அக்டோபர் 18 முதல் விதி மாறியது. எந்த ஒரு நாளை எடுத்தாலும், அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணினால், அதில் உள்ளே இருந்த நாள் 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கிய நாளும் கணக்கு, கிளம்பிய நாளும் கணக்கு.

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஏலக்காட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்க ஒரு தாய் மார்ச் 1-ல் போய் ஏப்ரல் 29 வரை இருக்கிறார். 60 நாள் ஆயிற்று. பல நுழைவு விசா கையில் இருக்கிறது. மீண்டும் ஜூலை 1-ல் போனால்? பழைய 60 நாளும் 180 நாளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மிச்சம் 30 நாள். ஜூலை 30-ல் மூட்டையைக் கட்ட வேண்டும். அதே தாய் ஆகஸ்ட் 1-ல் போனால்? மிச்சம் 30 நாள்தானே என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 27-ல் புதிய நாள் 27, பழைய நாள் 60, மொத்தம் 87. மறுநாள் புதிதாக ஒரு நாள் சேரும்போது, பின்னால் மார்ச் 1 கழன்று விழுந்துவிடுகிறது. மொத்தம் அதே 87. அதற்கடுத்த நாள் மார்ச் 2 விழுகிறது, அப்போதும் 87. கண்மாயில் வரத்தும் கலுங்கில் வழிவதும் ஒரே அளவாக இருந்தால் நீர்மட்டம் அசையாமல் நிற்குமே, அதே மாதிரி இரண்டு மாதத்துக்குக் கணக்கு 87-லேயே நிற்கிறது. பழைய நாளெல்லாம் தீர்ந்த பிறகுதான் மறுபடி ஏறி, அக்டோபர் 29-ல் 90-ஐத் தொடுகிறது. ஒரு மாதம் தள்ளிப் போனதற்குக் கிடைத்த கூலி, 30 நாளுக்குப் பதில் முழுசாக 90 நாள். விசாவின் தேதியும் அதில் அனுமதித்த நாளும் இடம்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு எந்த நீட்டிப்பு மனுவும் தேவையில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

இந்தக் கணக்கை முன்பு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் புரட்டி, மங்கிய முத்திரைகளைப் பார்த்துப் போட்டார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் கணினி அந்த வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. முகத்தைப் படம் பிடிக்கிறது, விரல் ரேகையை எடுக்கிறது, நாளை எண்ணிக்கொள்கிறது. காடு மேடெல்லாம் வேலை செய்து ரேகை தேய்ந்த கைகள் ரேஷன் கடை மெஷினிலேயே மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கைகள் பிராங்பர்ட்டில் என்ன பாடு படுமோ!

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. சென்னையில் விமானம் ஏறும் முன் குடியேற்ற அதிகாரி முத்திரை குத்துகிறார். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது அப்படியொரு கவுன்ட்டரே கிடையாது. பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, நேராக விமானம்தான். பிறகு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 2013 வரை ஐ-94 என்பது பாஸ்போர்ட்டில் பின் அடித்த சின்னக் காகிதம். கிளம்பும்போது விமான நிறுவன ஊழியர் அதைப் பிய்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறந்தால், ஊர் வந்து சேர்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் ஏட்டில் அமெரிக்காவிலேயே இருப்பார். இப்போது விமான நிறுவனம் பயணிகள் பட்டியலை அனுப்புகிறது. நுழைந்தவரும் கிளம்பியவரும் ஒருவரே என்பதைப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை வைத்துக் கணினி பொருத்திப் பார்க்கிறது. வாசலில் முகத்தைப் படம் பிடிப்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவருக்கு, அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்து அச்சாகியிருக்கும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அறுபது வருடம் ஊரே கூப்பிட்ட பெயர்!

பெயரில் இப்படித் தடுமாறும் கணினி எண்களில் கறார். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரி இருக்கும். இரண்டாவது வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக இருக்கும். அதை ஒட்டி ஒரு தனி இலக்கம். 1958 ஜூன் 15 என்றால் 580615. ஐந்தை 7-ஆலும், எட்டை 3-ஆலும், பூஜ்யத்தை 1-ஆலும் பெருக்குங்கள். மிச்ச மூன்றையும் அதே 7, 3, 1 வரிசையில் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 109 வரும். அதன் கடைசி இலக்கம் 9. அதுதான் அங்கே அச்சாகியிருக்கும். மெஷின் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தால் இந்தக் கணக்கு உதைக்கும். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துச் சரிபாருங்கள், பொழுது போகும்.

நீட்டிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் ஆறு மாதம் போதவில்லை என்றால் ஐ-539 என்ற மனுவைப் போட வேண்டும். ஐ-94 தேதி முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும். 45 நாள் முன்னதாகவே போடுங்கள் என்கிறது அமெரிக்கக் குடியேற்றத் துறை. கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் 420 டாலர், தாளில் போட்டால் 470. ஏன் இன்னும் இருக்க வேண்டும், செலவுக்குப் பணம் யாருடையது, ஊரில் திரும்பிவர என்ன இருக்கிறது என்றெல்லாம் காட்ட வேண்டும். ராசிங்காபுரத்தில் ஓட்டு வீடும் ஒரு குழித் தென்னையும் இருப்பதற்குப் பத்திரத்தை மொழிபெயர்த்து அனுப்பியவர்களும் உண்டு.

போட்ட பிறகுதான் உண்மையான விசித்திரம். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாத நீட்டிப்பு கேட்டால், பதில் வருவதற்குள் அந்த ஆறு மாதமே ஓடிப்போவது சகஜம். அதுவரை நீங்கள் யார்? ஐ-94 தேதி முடிந்துவிட்டது, புதுத் தேதி வரவில்லை. நேரத்தில் மனு போட்டு, வேலை எதுவும் செய்யாமல் காத்திருப்பவருக்கு, சட்டவிரோதமாகத் தங்கிய நாள் என்று எதுவும் ஏறுவதில்லை. ஆனால் அனுமதி பெற்றவர் என்றும் சொல்ல முடியாது. எண்ணப்படாத நாட்களில் வாழ்கிறார். மனு நிராகரிக்கப்பட்டால் மறுநாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். இதில் வயதானவர்களின் பாடு வேறு. ஆறு மாதத்துக்கு அளந்து கொண்டுபோன பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் தீர்ந்திருக்கும். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. பென்ஷன்காரர் என்றால் உயிரோடிருப்பதாகச் சான்று வேறு அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் பதில் வருவதற்குள் அலுத்துப்போய் ஊர் திரும்பிவிடுகிறார்கள். 420 டாலருக்குக் கிடைத்தது முடிவல்ல, காத்திருக்க ஒரு ரசீது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான். மறுப்பதென்றால் சீக்கிரம் மறுத்துவிடலாமே!

இந்தக் குறை வெட்டவெளிச்சமானது 2020-ல், கொரோனா காலத்தில். மார்ச் 22 முதல் இந்தியாவுக்குள் வெளிநாட்டு விமானங்கள் வருவது நின்றது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன ஏராளமான பெற்றோர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் மே 7-ல்தான் தொடங்கின. இந்தியா தன் மண்ணில் சிக்கிய வெளிநாட்டவரின் விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டித்தது. அமெரிக்கா எல்லோருக்கும் சேர்த்து நீட்டிக்கவில்லை. ஒவ்வொருவரும் அதே ஐ-539 போட்டு, அன்றைய கட்டணமாக 370 டாலரும் ரேகைப் பதிவுக்கு 85 டாலரும் கட்ட வேண்டியிருந்தது. அந்த வருடம் போடிமெட்டைத் தாண்டவும் இ-பாஸ் கேட்டார்கள். கண்ணுக்கு எதிரே தெரிகிற மலைக்கு வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு! விசா என்றால் என்ன என்பது எங்கள் ஊருக்கு அன்றைக்குப் புரிந்தது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர், முன்பெல்லாம் நாள் முடிந்ததும் கொழும்புக்கு ஒரு நடை போய்விட்டு வருவார்கள். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி பலமுறை வந்துபோகும் விசாவில் வந்தவன் என்று தெரிந்ததும், 2009 கடைசியில் இந்தியா ஒரு விதி போட்டது. சுற்றுலா விசாவில் வந்து போனவர் மீண்டும் வர இரண்டு மாத இடைவெளி வேண்டும். ரமணாசிரமத்துக்கு வந்த பாட்டிகளெல்லாம் இதில் மாட்டினார்கள். 2012 கடைசியில்தான் பெரும்பாலான நாட்டவருக்கு அது விலக்கப்பட்டது.

எங்கள் அக்கா மனு போடவில்லை. பேத்திக்கு ஆறாவது மாதம் சோறூட்டிவிட்டு, ஐ-94 தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே மதுரை வந்து இறங்கிவிட்டார்.

அம்மா அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. அவர்கள் இறங்கிய அன்றே, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும், அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் ஐ-94-ஐ எடுத்து அச்சிடுங்கள். அதிலுள்ள தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். விசாவில் உள்ள தேதியை அவர்களிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.