வேருக்குள் ஒரு குடித்தனம்!

பூசணம் தாக்கினால் செடிக்குள் வாழும் பாக்டீரியாக்கள் என்ன ஆகின்றன?

நேற்று வரை பச்சைப்பசேல் என்று நின்றது பருத்திச் செடி. இன்று காலையில் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பக்கத்துச் செடி நன்றாக நிற்கிறதே!

வாடிய செடியைப் பிடித்து இழுத்தால், முரண்டு பிடிக்காமல் கையோடு வந்துவிடுகிறது. ஆணிவேரின் பட்டை நார் நாராகக் கிழிந்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது.

இதுதான் வேர் அழுகல் நோய்.

இன்று ஒரு செடி. சில நாட்களில் அதைச் சுற்றி வட்டமாகப் பல செடிகள். தூரத்தில் இருந்து பார்த்தால், கொல்லையில் அங்கங்கே சொட்டை விழுந்தது போல இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, கடலாடிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் பருத்தி விளைகிறது. வானம் பார்த்த பூமி அது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். பிறகு வெயில்தான். உழவு, விதை, களை, கூலி என்று எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகுதான் வளர்ந்த செடி சாய்கிறது. செடி வாடினாலும் கடன் வாடுவதில்லை!

வாயில் நுழையாத பெயர்

இந்த நோயைக் கொண்டுவருவது ரைசோக்டோனியா என்ற பூசணம். வாயில் நுழையாத பெயர்தான். வேரில் மட்டும் சுலபமாக நுழைந்துவிடும்.

இதில் இரண்டு பேர் உண்டு. 'சொலானி' என்பது முளைவிடும் நாற்றின் கழுத்தை நெரிப்பது. 'படாட்டிகோலா' என்பது வெயிலும் வறட்சியும் சேர்ந்த நாட்களில் வளர்ந்த செடியைச் சாய்ப்பது. இரண்டும் மண்ணுக்குள் சிறு முடிச்சுகளாகப் பதுங்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வேர் பக்கத்தில் வந்ததும் விழித்துக்கொள்ளும்.

இது விவசாயிகளுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. அது வேருக்கு உள்ளே நடப்பது.

உள்ளே யார்?

பாக்டீரியா என்றாலே காலரா, காசநோய் என்று பயப்படுகிறோம். தோசை மாவு பொங்குவதும், பால் தயிராவதும் பாக்டீரியாக்களால்தான் என்பது மறந்துபோகிறது.

நோய் இல்லாத செடியின் உள்ளே கிருமியே இராது என்றுதான் பாஸ்டர் காலத்து அறிஞர்கள் நம்பினார்கள். அது சரியல்ல. ஆரோக்கியமான வேருக்குள்ளும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கிராம் வேரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சில செடிகளில் லட்சக்கணக்கில் கூட இருக்கும். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஓரிரு கூறுதான் ஒரு பாக்டீரியாவின் நீளம். ஆகவே இட நெருக்கடி இல்லை!

எப்படி உள்ளே போகின்றன? ஆணிவேரில் இருந்து பக்கவேர் கிளம்பும்போது பட்டை சற்று வெடிக்கிறது. அந்தச் சந்து போதும். சில பாக்டீரியாக்கள் விதையிலேயே வந்துவிடுகின்றன, தாய் வீட்டுச் சீதனம் போல.

செடி அவற்றுக்குச் சர்க்கரைச் சத்துக் கொடுக்கிறது. அவை சும்மா இருப்பதில்லை. சில, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருகின்றன. சில, வேர் வளர உதவும் பொருட்களைச் சுரக்கின்றன. சில, பூசணத்தை விரட்டுகின்றன.

கூட்டம் பெருகும், குடித்தனம் குலையும்

பூசணம் நுழைந்ததும் வேரின் உயிரணுச் சுவர்கள் உடைகின்றன. உள்ளே இருந்த சர்க்கரையும் புரதமும் வெளியே கசிகின்றன. திறந்த வீட்டுக்குள் கண்டவர்களும் புகுவது போல, மண்ணில் இருந்த பாக்டீரியாக்கள் உள்ளே பாய்கின்றன.

அதனால் நோயுற்ற வேரில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடவும் செய்யும். எண்ணிக்கை கூடியதால் செடிக்கு நன்மை என்று சொல்ல முடியாது. அழுகலைத் தின்ன வந்தவை மளமளவென்று பெருகும். அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தவை இடம் இழக்கும். நோயை எதிர்க்கச் செடி சுரக்கும் காரப் பொருட்களும் சிலவற்றுக்கு ஆகாது.

அமெரிக்காவின் புளோரிடாவில் ஆரஞ்சு மரங்களை ஒரு நோய் சூறையாடி வருகிறது. அது பூசண நோய் அல்ல. பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய். அந்த மரங்களின் வேர்களை ஆராய்ந்தபோது, நல்ல பாக்டீரியாக்கள் பல குறைந்துபோயிருந்தன. 2010-ல் இந்த முடிவு வெளியாயிற்று. மரம் நோயாலும் மெலிகிறது, துணையையும் இழக்கிறது.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. இங்கேதான் ஆச்சரியம்!

ஹாலந்தில் நடந்தது

ஹாலந்து நாட்டில் பருத்தி கிடையாது. நம் பீட்ரூட்டுக்குத் தம்பி முறையான ஒரு கிழங்கைப் பயிரிட்டு, அதிலிருந்து சீனி எடுக்கிறார்கள். அதற்கும் எதிரி அதே ரைசோக்டோனியா சொலானிதான்.

அங்கே ஒரு வகை நிலத்தில், பூசணம் இருந்தும் பயிர் சாவதில்லை. ஏன்? அந்த மண்ணை 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தார்கள். காக்கும் குணம் போய்விட்டது. சூடாக்காத மண்ணில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, நோய் வரும் மண்ணில் கலந்தார்கள். அந்த மண்ணுக்கும் காக்கும் குணம் வந்துவிட்டது. தயிர் உறை குற்றுவது போலத்தான்! மண்ணில் உள்ள உயிர்கள்தான் பயிரைக் காக்கின்றன என்று தெளிவாயிற்று. இது 2011-ல் வெளியான ஆராய்ச்சி.

2019-ல் அவர்கள் வேருக்கு உள்ளேயே பார்த்தார்கள். அந்த மண்ணில் வளர்ந்த செடியைப் பூசணம் தாக்கியதும், வேருக்குள் இரண்டு பாக்டீரியாக் குடும்பங்கள் பெருகின. ஒன்றில் கைட்டினோபேகா இருக்கிறது. மற்றொன்றில் பிளேவோபாக்டீரியம் இருக்கிறது. பூசணத்தின் உடற்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. அந்தச் சுவரை அரிக்கும் மரபணுக்கள் வேருக்குள் மிகுந்திருந்தன.

இந்த இரண்டு பாக்டீரியாக்களையும் பிரித்தெடுத்துச் செடிகளுக்குக் கொடுத்தார்கள். செடிகள் பிழைத்தன. பிளேவோபாக்டீரியத்தில் ஒரு மரபணுத் தொகுதியை மட்டும் நீக்கினார்கள். அது செடியைக் காக்கும் ஆற்றலை இழந்தது.

ஆக, நோய் வந்ததும் வேருக்குள் காவலும் கூடலாம். ஒரே ஒரு நிபந்தனை: காவலுக்கு வரக்கூடியவை அந்த மண்ணில் முன்பே இருக்க வேண்டும்.

நம் பருத்தியில்?

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பருத்திச் செடிக்குள்ளேயே குடியிருக்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். அவற்றைப் பெற்ற பருத்தி நாற்றுகளில் சொலானியால் வரும் அழுகல் குறைந்தது. நாற்றுகள் சுரக்கும் எதிர்ப்புப் பொருட்களும் கூடின. இந்த முடிவு 2008-ல் வெளியாயிற்று.

விவசாயிகள் கைக்கு எட்டும் துணை ஒன்றும் இருக்கிறது. அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தூளாகக் கிடைக்கிறது. பஞ்சு நீக்கிய பருத்தி விதை ஒரு கிலோவுக்கு 10 கிராம் கலந்து விதைப்பது வழக்கம். விதைத்து ஒரு மாதம் ஆனதும், ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை 20 கிலோ மக்கிய தொழு எருவில் கலந்து இடலாம். ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவதும் பூசணத்தை அடக்கும்.

இது உயிருள்ள பொருள் என்பதை மறக்கக் கூடாது. உப்பு, புளி வாங்குவது போல இதை வாங்க முடியாது! பொட்டலத்தில் தேதி பார்க்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. ரசாயனப் பூசணக் கொல்லியோடு சேர்த்துக் கலக்கவும் கூடாது.

தலை தொங்கிய செடியை இந்தத் தூள் நிமிர்த்தாது. அதன் வேர் முன்பே போய்விட்டது. தப்பி நிற்கும் செடிகளுக்கும், அடுத்த விதைப்புக்கும்தான் இது துணை. நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுவதே நல்லது. வரப்பு ஓரத்தில் போட்டால், பூசண முடிச்சுகள் மறுபடி மண்ணுக்குத்தான் திரும்பும்.

கரையோரத் தென்னைக்கும்

கரிசலை விட்டுக் கிழக்கே வந்தால், உச்சிப்புளி, மண்டபம், ராமேசுவரம் என்று மணற்பாங்கான பூமி. அங்கே பருத்திக்குப் பதில் தென்னை. தென்னைக்கு எமன் வேறொரு பூசணம். அதன் பெயர் கானோடெர்மா. 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால், 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. கடலோர மணல் நிலத்தை அது மிகவும் விரும்பும்.

அதுவும் வேரில்தான் தொடங்குகிறது. மரத்தடியில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும்போதுதான் வெளியே தெரிகிறது. அதற்குள் வேர்களில் பெரும் பகுதி அழுகியிருக்கும்.

அதனால் சாறு வடியும் மரத்தோடு நின்றுவிடாமல், அதைச் சுற்றியுள்ள நல்ல மரங்களையும் கவனிக்க வேண்டும். ஒரு மரத்துக்கு 200 கிராம் சூடோமோனாஸ், 200 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிலோ தொழு எரு. இவற்றைக் கலந்து ஆண்டுக்கு ஒருமுறை வேர்ப் பகுதியில் இடச் சொல்கிறார்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். காய்ந்த மணலில் கொட்டினால், வேருக்குள் குடியேறும் முன்பே பாக்டீரியா செத்துப்போகும்.