மனு ரசீது வழக்கு ஆகாது

குற்றத்துக்கு ஆளானவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு அச்சமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். காவல் நிலையம் வரை துணிந்து சென்றும் வழக்குப் பதிவாகாமல் வீடு திரும்புகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 'சி.எஸ்.ஆர்.' எனப்படும் மனு ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, அதையே வழக்கு என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து, காப்பீட்டு நிறுவனமோ நீதிமன்றமோ முதல் தகவல் அறிக்கையைக் கேட்கும்போதுதான் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்பதை அவர்கள் அறிகிறார்கள். மனு ரசீது என்பது புகார் பெறப்பட்டதற்கான அத்தாட்சி மட்டுமே; அது வழக்கு ஆகாது.

மௌனத்தின் காரணங்கள் தெரியாதவை அல்ல. பாலியல் குற்றங்களில் குடும்ப மானம் குறுக்கே நிற்கிறது. குற்றம் செய்தவர் முதலாளியாகவோ கடன் கொடுத்தவராகவோ ஊரில் செல்வாக்குள்ள சாதியினராகவோ இருக்கும்போது பிழைப்பே கேள்விக்குறியாகிறது. நேரில் கண்டவரோ, சாட்சி சொன்னால் காலமெல்லாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று விலகிக்கொள்கிறார். இவற்றோடு, 'இது எங்கள் எல்லைக்குள் வராது', 'இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று நிலையத்திலேயே நடத்தப்படும் கட்டப்பஞ்சாயத்தும் சேரும்போது, புகார் செய்வது வீண் வேலை என்ற முடிவுக்கு மக்கள் வந்துவிடுகின்றனர். இந்த அவநம்பிக்கையை வளர்த்ததில் அதிகாரிகளின் பங்கு சிறிதன்று.

சட்டமோ தெளிவாகவே இருக்கிறது. கொலை, வழிப்பறி, வன்புணர்வு, ஆள்கடத்தல் போன்று பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததைத் தகவல் வெளிப்படுத்தினால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதி பெற்று 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அந்தக் கெடு முடிந்த பிறகும் 'விசாரணையில் இருக்கிறது' என்று சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது.

புகாரை வாய்மொழியாகச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு சொன்னால் அதை எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் பெற வேண்டும். எனினும் தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள், இழந்தவை ஆகியவற்றை வரிசையாக எழுதி இரண்டு படிகளாக எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது. தாமதமாகச் செல்பவர்கள் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுத வேண்டும். விளக்கப்பட்ட தாமதம் வழக்கைக் கெடுப்பதில்லை, விளக்கப்படாத தாமதமே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிறது.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாயின் காவல் ஆணையருக்கு, விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பலனில்லையெனில், முன்பு அளித்த புகார்களின் நகல்களையும் அஞ்சல் ரசீதையும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பியதற்கான சான்று இல்லாமல் நடுவரிடம் சென்றால் மனு அங்கேயே தடைபடும். ஆகவே அந்த அஞ்சல் ரசீதைத் தூக்கி எறியக் கூடாது. பெண்களுக்கு எதிரான கடுங்குற்றங்கள் சிலவற்றில் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது என்பதைப் புகார்தாரர் மட்டுமன்றி அதிகாரியும் நினைவில் வைப்பது நல்லது.

சாட்சிகளின் நிலையும் பலர் நினைப்பதுபோல் கைவிடப்பட்டதன்று. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வருமாறு காவல்துறை கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றத்துக்கு வந்து செல்லும் செலவுக்கு 'பேட்டா' எனப்படும் படியை வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம், கேட்பவர்கள்தாம் குறைவு. மிரட்டல் இருந்தால், 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு அளிக்கலாம். துணைக் கண்காணிப்பாளர் ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை தர, அதன் அடிப்படையில் காவல் ரோந்து, தொலைபேசி எண் மாற்றம், தற்காலிக இடமாற்றம், மூடிய அறையில் சாட்சியம் போன்றவற்றுக்கு ஆணையிடப்படும். பொய்ச் சாட்சி சொல்லுமாறு மிரட்டுவதே ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றமாகும்.

சிறார் மீதான பாலியல் குற்றத்தில் மௌனத்துக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவல் அறிந்த எவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்று பேசி முடிக்கும் நிர்வாகத்தினர் தாங்களே குற்றவாளிகளாகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்யலாம். அது மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்குகிறது. பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம். இத்தனை வழிகள் இருந்தும் அவை பயன்படாமல் போவதற்குக் காரணம், முதல் நாளிலேயே சரியான தாளைக் கேட்டு வாங்காததுதான். எனவே காவல் நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொருவரும் முதல் தகவல் அறிக்கையின் எண்ணைக் கேட்டு, அதன் நகலைக் கையில் வாங்கிய பிறகே வெளியே வர வேண்டும். தர மறுத்தால் அன்றைக்கே புகாரை விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும்.