மறம் என்னும் சொல்

போருக்கு அஞ்சாத குணத்தைப் பழந்தமிழ் மறம் என்றது. அகராதிகள் இச்சொல்லுக்கு வீரம், சினம், பகை, வலிமை, கொலை, பாவம் என்று பொருள்களை அடுக்குகின்றன. புகழவும் பழிக்கவும் ஒரே சொல்தான்.

சங்கப் புறப்பாடல்களில் புகழ்ச்சியே மிகுதி. ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் (புறநானூறு 279) பிறந்த வீட்டு உறவையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்தவள், மறுபடி பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவிக் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மறக்குடிப் பெண்ணின் இயல்பாகவே அது போற்றப்படுகிறது. விலங்குக்கும் மறம் உண்டு. போர்க்குதிரையின் ஆற்றலைப் பாடும் துறைக்குக் குதிரைமறம் என்று பெயர்.

மறத்துக்கு வரம்பும் இருந்தது. பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதோர் ஆகியோரை அம்பு பாயுமுன் காவலான இடம் சேரச் சொன்னவன் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. அப்படி எச்சரித்துவிட்டுப் போர் தொடுப்பதை நெட்டிமையார் (புறம் 9) அறநெறி சார்ந்த மறமாகவே பாராட்டுகிறார். போருக்குப் போகிறவன் முன்னறிவிப்பு தருவது எல்லாக் களத்திலும் நடந்ததா என்பது வேறு கேள்வி.

திருக்குறள் இரு பொருளையும் ஆள்கிறது. படைக்குக் காவலான நான்கில் மறமே முதலாவது (766). அன்பு மறத்துக்கும் துணை என்னும் 76ஆம் குறளிலோ உரைகாரர்கள் பிரிகிறார்கள். மணக்குடவர் மறம் செய்வதற்கும் அன்பு துணை என்கிறார். பரிமேலழகருக்கு அது மறத்தை நீக்கும் துணை. இங்கே மறத்தைத் தீதாகக் கொண்ட உரை இது எனலாம்.

சிலப்பதிகாரத்தில் சொல்லின் மதிப்பு சரியத் தொடங்குவதைக் காணலாம். வடதிசை வென்று திரும்பிய சேரன் செங்குட்டுவனிடம், ஆட்சியேற்று ஐம்பது ஆண்டு கடந்தும் மறக்கள வேள்வியே செய்கிறாய், அறக்கள வேள்வி செய்யவில்லையே என்று இடித்துரைக்கிறான் மாடலன் என்னும் மறையவன். சமய வழக்கில் இதே இணை வேறு வடிவம் கொண்டது: இறைவன் அருளிக் காப்பது அறக்கருணை, ஒறுத்து ஆட்கொள்வது மறக்கருணை.

கலம்பக இலக்கியத்தில் மறம் ஓர் உறுப்பு. பெண் கேட்டு ஓலை அனுப்பிய அரசனை மறவர் ஏளனம் செய்து தூதனை விரட்டுவதுதான் அதன் பொருள். வேந்தனுக்காக உயிர் விட்ட மரபினர் இங்கே வேந்தனையே எதிர்த்துப் பேசுகிறார்கள்.

மறவர் என்பது வீரருக்கும் பாலைநில ஆறலைப்போருக்கும் பொதுவாக வழங்கியது. பின்னாளில் ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்தது. இராமநாதபுரம் சேதுபதிகள் அச்சமூகத்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் அதன் சில பிரிவினர்மீது குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் அது 1947இல் நீக்கப்பட்டது.

இன்று மேடைப் பேச்சின் ‘மறத்தமிழன்’ தவிர இச்சொல் பேச்சில் அரிது. ஈழ அரசியல் எழுத்தில் உண்ணாவிரதம் போன்றவை அறவழிப் போராட்டம் என்றும், ஆயுதம் ஏந்துவது மறவழிப் போராட்டம் என்றும் பழைய இணை புழங்குகிறது.