பெயர் ரெண்டு ரூபாய், பாலிசி ஆறாயிரத்து அறுநூறு!

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுகள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், டீ ஆறுவதற்குள் 'லீடு' என்ற வார்த்தை வந்து விழும். "லீடே இல்ல ஸார், மார்ச் மாசம் எப்படி ஓட்டப் போறேன்னு தெரியல!" என்பார் ஒருவர். "நல்ல லீடு எங்க கிடைக்குது?" என்பார் இன்னொருவர். லீடு என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. பாலிசி எடுக்கக்கூடும் என்று நம்பப்படுகிற ஆசாமியின் பெயரும் போன் நம்பரும். அதே ஆங்கில எழுத்துக்களைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்தால் ஈயம் என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய சில லீடுகளுக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் பொருந்தும். தூக்கினால் கனம், விற்றால் காசு பெயராது!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம்மில் ஏஜென்ட் அல்லாதவர் எல்லாருமே யாரோ ஒரு ஏஜென்ட்டுக்கு லீடு. எல்.ஐ.சி.க்கு மட்டும் 2025 மார்ச் கணக்குப்படி 14 லட்சத்துக்கும் மேல் ஏஜென்ட்டுகள். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, ஆபீஸ் நேரம் போக பார்ட் டைமாக இதில் இறங்கியவர்கள் உங்கள் செக்‌ஷனிலேயே ஒருத்தராவது இருப்பார்.

இந்த உத்தியோகத்தின் முதல் ஆறு மாதம் சுலபம். மாமா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தான், கூடப் படித்தவன் என்று ஆளுக்கொரு பாலிசி போட்டு விடுவார்கள். ஏழாவது மாதம் கல்யாண வீட்டில் ஏஜென்ட்டைப் பார்த்ததும் அத்தான் பந்தி மாறி உட்காருவார். அப்போதுதான் முன்பின் தெரியாதவர்களின் பெயர் தேவைப்படும். பெயருக்குக் காசு கொடுக்க வேண்டிய கட்டம் அது.

காசு கொடுப்பது தப்பில்லை. கடைக்காரர் கடைக்கு வாடகை கொடுக்கவில்லையா? எதற்குக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் படித்தது எங்கேயாவது உதவட்டுமே என்று, தெரிந்த ஏஜென்ட் ஒருவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள், வழி அதேதான்.

முதல் வகை லீடு மொத்த வியாபாரம். "ஆயிரம் நம்பர், ரெண்டாயிரம் ரூபா. எல்லாம் சம்பளக்காரங்க ஸார்!" என்று ஒருவர் பட்டியலை நீட்டுகிறார். பெயருக்கு ரெண்டே ரூபாய். ஒரு டீ விலை கூட இல்லை. சந்தோஷமாக வாங்கி விடுகிறோம்.

இனி வேலை ஆரம்பம். ஒரு போனுக்கு மூன்று நிமிஷம் என்றால் ஆயிரம் போனுக்கு 50 மணி நேரம். பாதி நம்பர் செத்துப் போனது, மீதியில் பெரும்பாலோர் 'இன்ஷூ...' என்பதற்குள் கட் பண்ணி விடுகிறவர்கள். கடைசியில் இருபது பேர் நேரில் வரச் சொல்கிறார்கள். போக, வர, பேச, வீட்டுக்காரர் வரும் வரை ஹாலில் காத்திருக்க ஆளுக்கு இரண்டரை மணி என்றால் இன்னொரு 50 மணி. பெட்ரோல் ஆளுக்கு 60 ரூபாய் வீதம் 1,200. முடிவில் தேறியது இரண்டு பாலிசி.

உங்கள் உழைப்பை மணிக்கு 100 ரூபாய் என்று ரொம்பவும் மட்டமாகவே மதிப்போம். நூறு மணிக்குப் பத்தாயிரம். பட்டியல் 2,000, பெட்ரோல் 1,200. ஆக 13,200. இரண்டால் வகுத்தால் ஒரு பாலிசியின் அடக்க விலை 6,600 ரூபாய்! வருஷ பிரீமியம் 20,000, முதல் வருஷக் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 5,000. பாலிசிக்கு 1,600 ரூபாய் கைநஷ்டம். இந்த லட்சணத்தில் மாலை போட்டு கிளப் மெம்பர் போட்டோ வேறு!

இரண்டாவது வகை வேறு தினுசு. ஏஜென்ட் இன்டர்நெட்டில் 3,000 ரூபாய்க்கு ஒரு சின்ன விளம்பரம் போடுகிறார். குடும்பப் பாதுகாப்புக்கு எவ்வளவு கவரேஜ் வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், "என்னைக் கூப்பிடலாம்" என்று தாங்களே பெயரும் நம்பரும் எழுதி அனுப்புகிறார்கள். வந்தது இருபதே பேர். ஒரு பெயர் 150 ரூபாய். "அடப்பாவி, ரெண்டு ரூபா எங்கே, நூத்தம்பது எங்கே!" என்று வயிறு எரியும்.

எரிய வேண்டாம். போன் பேச இரண்டு மணி நேரம். பதினைந்து பேரை நேரில் பார்க்க முப்பத்தேழரை மணி. முழுசாக 40 மணி என்றே வைத்தாலும் 4,000 ரூபாய். பெட்ரோல் 900, விளம்பரம் 3,000. ஆக 7,900. தேறியது மூன்று பாலிசி. ஒன்றின் அடக்கம் 2,633. கமிஷன் அதே 5,000. பாலிசிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் லாபம், அறுபது மணி நேரமும் மிச்சம்.

ஆக, மலிவான பெயர்தான் விலை உயர்ந்த பெயர். முதல் பட்டியலில் நீங்கள் வாங்கியது வெறும் நம்பர். இரண்டாவதில் வாங்கியது 'பேசலாம் வாங்க' என்ற சம்மதம். லீடில் காசு பெறுகிற சரக்கு இந்தச் சம்மதம் ஒன்றுதான்.

சரி, எவ்வளவு வரை கொடுக்கலாம்? கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். முதல் வருஷக் கமிஷனில் கால் பங்குக்கு மேல் லீடுக்கு ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. 5,000-ல் கால் பங்கு 1,250. ஏழு பெயருக்கு ஒரு பாலிசி தேறுகிறது என்றால், ஏழால் வகுக்க ஒரு பெயருக்கு 178. அப்போது 150 கொடுக்கலாம். 200 கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஏழுக்கு ஒன்றா, பத்துக்கு ஒன்றா என்பது உங்கள் நோட்டில்தான் இருக்கும். பெயர், எங்கிருந்து வந்தது, என்ன செலவு, என்ன ஆச்சு என்று நாலு காலம் போட்ட நாற்பது பக்க நோட்டுப் போதும்.

"பிற்பாடு வருஷா வருஷம் ரின்யூவல் கமிஷன் வருமே, அதையும் சேர்த்துப் பார்த்தா இன்னும் கொடுக்கலாமே?" என்று கேட்பீர்கள். சேர்க்காதீர்கள். வாங்கியவர் முதல் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம், கமிஷனும் கூடவே திரும்பிப் போய்விடும். இரண்டாம் வருஷம் பிரீமியம் கட்டாமலும் விடலாம். வராத பணத்தைச் செலவழிக்க நாம் சர்க்கார் இல்லை.

கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. முதலாவது, வாடிக்கையாளருக்கே கொடுப்பது. "முதல் பிரீமியத்துல பாதி நான் கட்டிடறேன் ஸார்!" என்பது ஊரறிந்த ரகசியம். 1938-ம் வருஷ இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு இதைத் தடை செய்கிறது. 2015-ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தைப் பத்து லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். கமிஷன் ஐயாயிரம், அபராதம் பத்து லட்சம். இதற்கு பி.காம். தேவையில்லை.

இரண்டாவது, "பாலிசி முடிஞ்சா உனக்கு இவ்வளவு" என்று கல்யாணத் தரகரிடமோ அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடமோ ஒப்பந்தம் போடுவது. அதே சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, பிஸினஸ் பிடித்துத் தருவதற்கான கமிஷனோ சன்மானமோ ஏஜென்ட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற இடைத்தரகருக்கும் மட்டும்தான். விளம்பரச் செலவு, கண்காட்சியில் ஸ்டால் வாடகை, நோட்டீஸ் அச்சடிக்கும் கூலி என்று செய்த வேலைக்குக் காசு கொடுத்து ரசீது வாங்குங்கள். விளம்பர வாசகத்துக்கும் கம்பெனியின் எழுத்துபூர்வமான ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, யார் வீட்டுச் சொத்தோ தெரியாத பட்டியல். அந்த ஆயிரம் பேரில் ஒருவராவது 'என் நம்பரை விற்றுக்கொள்' என்று சொல்லியிருப்பாரா? தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டம் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. அவை கட்டம் கட்டமாக அமலாகின்றன. தொந்தரவுக் கால் என்று 1909-ல் யாராவது புகார் செய்தால் உங்கள் போன் தொடர்புக்கே ஆபத்து. ரெண்டு ரூபாய்ப் பெயருக்காகப் பத்து வருஷமாக வைத்திருக்கும் நம்பரைத் தொலைக்கலாமா?

நஷ்டம் ஏஜென்ட்டோடு நின்றால் கூடப் பரவாயில்லை, நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது நிற்பதில்லை. லீடுக்குப் பத்தாயிரம் தண்டம் அழுதுவிட்டு ஒரு ஏஜென்ட் உங்கள் எதிரே வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். உங்களுக்கு இருபத்தெட்டு வயசு, போன வருஷம்தான் கல்யாணம், வீட்டில் ஒரே சம்பாத்தியம். உங்களுக்குப் பொருத்தமானது டேர்ம் பாலிசி. வருஷம் பன்னிரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கோடி ரூபாய் கவரேஜ் கிடைக்கலாம். 25 சதவீதம் என்றால் அவருக்கு அதில் மூவாயிரம். பையில் இன்னொரு காகிதம் இருக்கிறது. வருஷம் அறுபதாயிரம் கட்டும் சேமிப்பு பாலிசி. கவரேஜ் பத்துப் பன்னிரண்டு லட்சம்தான், ஆனால் அவருக்குப் பதினைந்தாயிரம். போட்ட பணத்தை எடுக்க வேண்டிய மனுஷர் எந்தக் காகிதத்தை முதலில் வெளியே எடுப்பார்?

அவர் கெட்டவரில்லை. கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது. நாளைக்கு அந்த வீட்டில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கோடி ரூபாய் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு லட்சம் வரும். லீடுக்குக் கண்டபடி கொடுத்த காசைக் கடைசியில் கட்டுவது ஒரு இளம் விதவையும் ஒரு கைக்குழந்தையும். எவ்வளவு கொடுப்பது என்பதில் ஏஜென்ட் கறாராக இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

காசே கொடுக்காமல் வருகிற லீடும் உண்டு. அதற்குக் காலணா செலவில்லை, காலணிதான் தேயும். ஏஜென்ட் வேலையை விட்டவர்கள் போட்ட பாலிசிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். தொழிலில் இவற்றை 'ஆர்ஃபன் பாலிசி' என்பார்கள். அநாதை பாலிசி! கல்யாணத்துக்குப் பிறகும் நாமினி இடத்தில் அம்மா பெயரே இருக்கும். வீடு மாறி ஏழு வருஷமாகியும் பழைய விலாசம் இருக்கும். பாங்க் விவரம் கொடுக்காததால் வர வேண்டிய பணம் வராமல் நிற்கும். இதில் ஒரு வேலையைப் பைசா வாங்காமல் முடித்துக் கொடுங்கள். அவரே தன் மைத்துனரைக் கூப்பிட்டு, "இவர் நல்ல மனுஷன்டா, பேசு" என்று போனைக் கொடுப்பார். சம்மதத்தோடு வருகிற லீடு இது. இதற்கு விலை போடும் பட்டியல் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

ஏஜென்ட் அல்லாத மற்றவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை யாராவது பாலிசி பற்றிப் பேசக் கூப்பிட்டால் கட் பண்ணாதீர்கள், திட்டாதீர்கள். மரியாதையாக, "என் நம்பர் உங்களுக்கு எங்கே கிடைச்சது ஸார்?" என்று மட்டும் கேளுங்கள். "உங்க மைத்துனர் கொடுத்தார்", "நீங்களே விளம்பரம் பார்த்து எழுதி அனுப்பினீங்க" என்று பட்டென்று பதில் வந்தால் ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம்.

"அது வந்து..." என்று இழுத்தால், உங்களுடைய விலை ரெண்டு ரூபாய் என்று புரிந்துகொள்ளுங்கள்!