பாத்ரூம் மடக்குக் கதவு: வெயில்ல சிக்குது, என்ன பண்றது?

கோடை வந்தா நியூஸ்ல ஒரு பட்டியல் வாசிப்பாங்க, '100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள்'னு. அதுல வேலூரோட சேர்ந்து அடிக்கடி வர்ற பேரு எங்க திருத்தணி. முருகனுக்கு அடுத்தபடியா எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெயில்தான். இன்னைக்கு எபிசோடு, அந்த வெயில் நம்ம பாத்ரூம் பிவிசி மடக்குக் கதவை என்ன பண்ணுதுங்கிறதைப் பத்தி.

ஜனவரியில சுலபமா ஓடின கதவு மே மாசம் தரையில உரசும். கதவு இறங்கலைன்னா, நீண்டிருக்குன்னு அர்த்தம். பிவிசி சூட்டுக்கு விரியும். 2 மீட்டர் உயரக் கதவுல 20 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினா, 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். மரக்கதவுக்குப் பிரச்சினை வேற: அது மழைக்கால ஈரத்துல அகலவாக்குல ஊதும்.

இது சின்ன விஷயம் இல்ல. எங்க வீட்டுல ஆயா இருக்காங்க, 80 வயசு தாண்டியாச்சு. உள்பக்கமா திறக்கிற கதவுன்னா, உள்ளே யாராவது விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும். மடக்குக் கதவு ஓரமா ஒதுங்குறதால உடனே உள்ளே போகலாம். ஆனா அது சிக்கினா அந்த நன்மையே போச்சு. பலமா இழுக்கும்போது கை நழுவினா, ஈரத் தரையில விழவும் வாய்ப்பு இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். கெட்டியான ஸ்டூல் போடுங்க, ஒருத்தர் பிடிச்சுக்கட்டும்.

முதல்ல மேல் ட்ராக். பழைய டூத் பிரஷால தூசியை எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, காய விடுங்க. அப்புறம் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. இல்லன்னா மெழுகுவர்த்தியைத் தேய்ச்சாலே போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அந்தப் பிசுக்குல மறுபடி தூசி ஒட்டும்.

ரெண்டாவது, ட்ராக் நடுவுல தொங்குதான்னு பாருங்க. ஸ்க்ரூவை முறுக்குங்க. பிடிக்காம சும்மா சுத்தினா, சுவத்துக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் பிளக்கை மாத்தணும். ரோலர் வெளியே வந்திருந்தா, ட்ராக்கோட ஒரு முனையைக் கழட்டி உள்ளே நுழைச்சு விடுங்க.

இதெல்லாம் பண்ணியும் கீழே உரசினா, அடிப்பக்கத்தை அறுக்கலாம். ஆனா அளவை விடியற்காலையில எடுக்காதீங்க. உச்சி வெயில் நேரத்துல, கதவு முழுசா நீண்டிருக்கும்போது குறிங்க. தரைக்கு மேல 1 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஹாக்சா பிளேடால அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுங்க.

பலகைகளைச் சேர்க்கிற மடிப்பு கிழிஞ்சிருந்தா பசை போட்டு ஒட்டாதீங்க. தினமும் மடங்குற இடம், நிக்காது. அந்தப் பலகை தனியா கிடைச்சா மாத்துங்க, இல்லன்னா புதுக் கதவுதான். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதா இருக்கட்டும்.

கடைசியா ஒரு சோதனை. நீங்க திறந்து பார்த்துட்டு திருப்திப்படாதீங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்களை ஒரு கையால திறக்கச் சொல்லுங்க. இன்னொரு கை சுவத்தைப் பிடிச்சிருக்கணும். அப்படியும் அவங்களுக்குச் சுலபமா திறந்தாதான் வேலை முடிஞ்சது.