சான் சான்: பாலைவனத்தில் ஒரு மண் நகரம்

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடகடற்கரைப் பாலைவனத்தில் உள்ள பழைய நகரம் ஒன்றின் இடிபாடுகளே சான் சான் ஆகும். ஸ்பானியர் வருவதற்கு முன் அக்கடற்கரையை ஆண்ட சிமு அரசின் தலைநகரம் இது. அக்கால அமெரிக்கக் கண்டத்தில் மண்ணால் கட்டப்பட்ட நகரங்களுள் மிகப் பெரியது இதுவே. நீர் அரிதான நிலத்தில், நீரைத் தேடிக் கொணர்ந்து வளர்ந்த இந்நகரம் இன்று அந்த நீராலேயே கரைந்து வருகிறது.

அமைவிடமும் காலநிலையும்

மோச்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில், ட்ருஹியோ நகருக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலை ஒட்டிச் சான் சான் அமைந்துள்ளது.

கடலோரத்தில் பாலைவனம் எப்படி இருக்க முடியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அது தனக்கு மேலுள்ள காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலெழாது. காற்று மேலெழாவிட்டால் மழைமேகம் உருவாகாது. ஆகவே இங்கு மூடுபனி உண்டு, மழை மிக அரிது. சுடாத பச்சைச் செங்கல்லால் ஒரு தலைநகரையே கட்ட முடிந்ததற்கு இந்த வறட்சியே காரணம்.

வரலாறு

ஏறத்தாழ கி.பி. 900 அளவில் நகரம் உருவாகத் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டில் உச்சநிலையை அடைந்தபோது, சிமு அரசு கடற்கரையோரமாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்தது. 1470 அளவில் இன்காக்கள் அதை வென்று, உலோக வேலையில் தேர்ந்த கைவினைஞர்களைத் தங்கள் தலைநகரான குஸ்கோவுக்குக் கொண்டு சென்றனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அருகிலேயே ட்ருஹியோவை நிறுவினர். பொன்னுக்காகச் சான் சானின் கல்லறைகள் தோண்டப்பட்டது அதன் பிறகுதான்.

நகர அமைப்பு

நகரின் மொத்தப் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதில் மையப் பகுதி மட்டும் 6 சதுர கிலோமீட்டர். மையத்தில் உயரமான மதில்கள் சூழ்ந்த ஒன்பது பெரிய செவ்வக அரண்மனை வளாகங்கள் உள்ளன. மதில்கள் அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். சில 9 மீட்டர் உயரம் வரை எழுந்தவை.

ஒவ்வொரு வளாகத்துக்குள்ளும் முற்றங்கள், சேமிப்பு அறைகள், மூன்று பக்கம் சுவர் கொண்ட சிறு அலுவல் அறைகள், கிணறு, அரச கல்லறை மேடை ஆகியவை இருந்தன. ஓர் அரசர் இறந்ததும் அவரது வளாகம் அவருக்கே கல்லறையாகிவிடும். அடுத்தவர் தமக்கெனப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்வார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெசவாளர், கொல்லர் முதலிய கைவினைஞர்கள் மதில்களுக்கு வெளியே, நாணலும் மண்ணும் கொண்டு கட்டிய நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தனர்.

நீர் மேலாண்மை

ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளே இங்கு நீருக்கு ஆதாரம். சிமு மக்கள் அந்த நீரை நீண்ட கால்வாய்கள் வழியே வயல்களுக்குத் திருப்பினர். வயலில் பாய்ந்த நீர் மண்ணில் இறங்கி, நகரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உயர்த்தியது. கடலோரத்தில் நிலத்தடி ஈரம் தொடும் வரை தரையை அகழ்ந்து, அந்தப் பள்ளங்களில் பயிரிட்டனர். அருகிலுள்ள வாஞ்சாக்கோ மீனவர்கள் இத்தகைய பள்ளங்களில் இன்றும் கோரை வளர்த்து, அதைக் கட்டிப் படகாக்கிக் கடலுக்குச் செல்கின்றனர்.

அழிவின் அபாயம்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல் நினோ நிகழ்வால் பசிபிக் கடல் வெப்பமடையும். அப்போது இப்பாலைவனத்தில் கனமழை கொட்டும். 1982–83, 1997–98 ஆகிய ஆண்டுகளில் வந்தவை மிகக் கடுமையானவை. 2017இல் ட்ருஹியோவின் தெருக்களிலேயே வெள்ளமும் சேறும் புகுந்தன. சுடாத செங்கல் மழையில் நனைந்தால் மீண்டும் சேறாகிவிடும். கீழிருந்தும் ஆபத்து உண்டு: நிலத்தடி நீர் உயர்ந்தால், அதனுடன் ஏறும் உப்பு சுவர்களின் அடிப்பகுதியை அரிக்கும்.

யுனெஸ்கோ 1986இல் சான் சானை உலக மரபுச் சின்னமாக அறிவித்த அதே ஆண்டில், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. சுவர்களுக்கு மேல் கூரை அமைத்தல், வடிகால் வெட்டுதல் போன்ற காப்புப் பணிகள் நடந்து வருகின்றன. ஆனால் 20 சதுர கிலோமீட்டருக்கும் கூரை போட முடியாது. எதை முதலில் காப்பது என்பதே அங்குள்ளோர் முன் நிற்கும் கடினமான கேள்வி.

பார்வையிடச் செல்வோருக்கு

லிமாவிலிருந்து ட்ருஹியோவுக்கு விமானமும் இரவுப் பேருந்தும் உள்ளன. அங்கிருந்து வாடகைக் காரில் செல்வது எளிது. பார்வையாளர்கள் முக்கியமாகக் காண்பது நிக் ஆன் என்னும் வளாகம். முன்பு இதற்குச் சுடி என்று பெயர். மீன், கடற்பறவை, அலை, வலைக்கண் ஆகிய வடிவங்கள் இதன் சுவர்களில் புடைப்பாக அமைந்துள்ளன. இவற்றுள் பல பிற்காலத்தில் சீரமைக்கப்பட்டவை. எது பழையது, எது புதியது என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. உள்ளே நிழல் குறைவு. தொப்பியும் குடிநீரும் தேவை.

சுவர்களைத் தொடவோ அவற்றின் மேல் ஏறவோ கூடாது. கல் நகரங்களில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியப் பல தலைமுறைகள் ஆகலாம்; இங்கே விரல் பட்ட இடத்தில் மண் அப்போதே உதிரும்.